வாய்ச்செபம்

என் மதினி அன்னத்தாயைப் பற்றி எங்கள் தெருவில் இரண்டு பேச்சு உண்டு. நின்றால் செபம், நடந்தால் செபம் என்று வாழ்ந்த பெரிய பக்திக்காரி என்பது ஒன்று. அவளுக்குக் கொஞ்ச காலம் புத்தி பேதலித்திருந்தது என்பது இன்னொன்று. இரண்டுமே பொய். உண்மை தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர் இருந்தோம். இப்போது நான் மட்டும்தான் மிச்சம். முப்பத்திரண்டு வருஷம் வாத்திச்சியாக இருந்து, பொய் சொன்ன பிள்ளைகளைப் பிரம்பால் அடித்தவள் நான். இதை எழுதாமல் போனால் அந்த அடியெல்லாம் எனக்குத்தான் திரும்பி வரும்.

மதினிக்குச் செட்டியார்பட்டி. 1931-இல் எங்கள் அண்ணன் ஜேசுதாசனுக்கு வாழ்க்கைப்பட்டு ராஜபாளையம் வந்தாள். அண்ணன் கொத்தனார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் வீட்டில் அண்ணனும் நானும்தான். எனக்கு வயது பதினொன்று. ஞானரத்தினம் என்று பெயர் வைத்திருந்தார்களே தவிர ஞானம் ஒரு குன்றிமணி கிடையாது, வாய் மட்டும் காதுவரை. அந்த வாய்க்குப் பயப்படாமல் எனக்குப் பேன் பார்த்துச் சடை பின்னிவிட்டவள் மதினி.

1933-இல் அவளுக்கு முதல் பிள்ளை செத்தே பிறந்தது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையை மந்திரித்த பூமியில் வைக்கக்கூடாது என்பது அந்தக் காலத்துக் கண்டிப்பு. அண்ணன் அதை ஒரு பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டுபோய், கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே ஊமத்தஞ்செடிகளுக்கு நடுவில் புதைத்துவிட்டு வந்தான். 1935-இல் பிறந்த இரண்டாவது பிள்ளை அரை மணி நேரம் உயிரோடு இருந்தது. மருத்துவச்சி மாடத்தி நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவள். ஆனாலும் ஆபத்து நேரத்தில் யார் தண்ணீர் ஊற்றினாலும் ஞானஸ்நானம் செல்லும் என்று எங்கள் மாதா கோயில் சாமியார் அவளுக்கு வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தார். அவள் ஊற்றினாள். அந்தப் பிள்ளைக்குச் சுவருக்கு உள்ளே இடம் கிடைத்தது.

ஒரு பிள்ளை உள்ளே, ஒரு பிள்ளை வெளியே. மூன்றாவது வயிற்றில் தங்கினபோது எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிச் சந்தோஷமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அதுவும் போய்விடுமோ என்று பயம். மதினி சோகை பிடித்து வெளுத்திருந்தாள். கால் வீங்கியிருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு இரைத்தது. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. மாடத்தி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தாள்.

“ஏட்டி ரத்தினம், இவ மேலுக்குள்ள ரத்தமே இல்ல. பிள்ளை எதைக் குடிச்சி வளரும்? போன ரெண்டு தடவையும் இப்படித்தான் இருந்தா. எனக்குப் பயமா இருக்கு.”

மாடத்தியே பயப்படுகிறாள் என்றால் நான் எம்மாத்திரம்? அந்தப் பயத்தில்தான் 1937 தொடக்கத்தில் எங்கள் கோயில் கூட்டத்தோடு ஓரியூர் திருநாளுக்கு நேர்ந்துகொண்டு போனேன். மதுரை தாண்டி ரயிலும் மாட்டுவண்டியும் நடையுமாகப் போய்ச் சேரவேண்டும். வேதத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சி அருளானந்த சாமியாரை வெட்டிய அந்த இடத்து மண் சிவப்பாக இருக்கும். அவருடைய இரத்தம் ஊறின மண் என்பார்கள். போகிறவர்கள் அதில் ஒரு கைப்பிடி முடிந்து வருவார்கள். காய்ச்சலோ கண்வலியோ பிள்ளைத்தாய்ச்சிக்கு நோவோ, எது வந்தாலும் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்துச் செபம் சொல்லிக் குடிப்பது எங்கள் சனங்களின் வழக்கம்.

எல்லாரும் ஒரு கைப்பிடி எடுத்தார்கள். நான் அரைப்படி அள்ளினேன். எனக்கு எதிலும் அளவு கிடையாது. இரத்தம் இல்லாதவளுக்கு வேதசாட்சியின் இரத்தம் ஊறின மண்ணைக் கொடுத்தால் ஊறாதா என்பது என் கணக்கு. என் குடும்பத்தின் தலையில் நானே மண்ணை வாரிப் போடுகிறேன் என்று அப்போது தெரியாது.

வீட்டுக்கு வந்து முடிச்சை மதினி கையில் கொடுத்தேன். அவள் அதை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். மூச்சை இழுத்து மறுபடியும் மோந்தாள். பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

“எம்புட்டு மண்ணுட்டி இது!”

“அம்புட்டும் உங்களுக்குத்தான் மதினி. தினம் ஒரு சிட்டிகை, தண்ணியில.”

“எனக்கு வேண்டாம் ரத்தினம். நீயே வச்சிக்க. உன் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிக்க.”

“கோயில் மண்ணை யாராவது பெட்டிக்குள்ள பூட்டுவாகளா? பாவம்லா?” என்று சொல்லிவிட்டு, முடிச்சை எல்லார் கைக்கும் எட்டுகிற மாதிரி திருஇருதயப் படத்துக்குக் கீழே வைத்தேன். மதினி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரண்டு மூன்று நாளில் விபூதிப் புதன் வந்தது. கோயிலில் வரிசையாக முழந்தாளிட்டிருந்தோம். சாமியார் ஒவ்வொருவர் நெற்றியிலும் சாம்பலை வைத்து, மனுஷன் மண்தான், மண்ணுக்கே திரும்புவான் என்பதை இலத்தீனில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். உபதேசியார் அதைத் தமிழில் உரக்கச் சொன்னார். எனக்குப் பக்கத்தில் மதினி. அவள் நெற்றியில் வைத்த சாம்பலில் கொஞ்சம் உதிர்ந்து மேலுதட்டில் விழுந்தது. கண்ணை மூடியிருந்தவளின் வாயிலிருந்து நாக்கு மெதுவாக வெளியே வந்து, அந்தச் சாம்பலை எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. மறுபடியும் வந்து உதட்டின் மறுகோடிவரை துழாவியது. அவளுக்கே தெரியாமல் அது நடந்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அன்று மதினிக்குள் வேறு யாரோ இருப்பது போலப் பட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதன்பிறகு முடிச்சைக் கவனித்தேன். ஒவ்வொரு நாளும் இளைத்தது. சிட்டிகை சிட்டிகையாக எடுத்தால் ஒரு வருஷத்துக்கு வரவேண்டிய மண் எட்டாம் நாளே அடிக்கு வந்துவிட்டது. தெருவில் பெண்கள் மெச்சினார்கள். “அன்னத்தாய்க்கு எம்புட்டு விசுவாசம்! நவநாள் முடியுமுன்னே அம்புட்டையும் குடிச்சிட்டாளாம்லா!” என்று சொல்லி, தங்கள் வீட்டில் சேமித்து வைத்திருந்ததையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அதுவும் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் மத்தியானம் கண்மாயில் துணி துவைக்கப் போனவள், சவுக்காரத்தை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தேன். வீட்டில் சத்தமில்லை. அடுப்படியில் குதிருக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி மதினி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஓரியூர் முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. உள்ளங்கையில் மண்ணைக் குவித்து, பொரிகடலை தின்கிற மாதிரி அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். பல்லெல்லாம் சிவப்பு. என்னைப் பார்த்ததும் வாயை மூடினாள். மூடின வாய்க்குள் மண் நெறுநெறுவென்று அரைபட்டது எனக்குக் கேட்டது.

அவள் சாய்ந்திருந்த சுவரில் ஒரு பொந்து. என் தலை நுழையும். பெருச்சாளி பறிக்கிறது என்று அண்ணன் அதை இரண்டு தடவை குழைத்த மண் வைத்துப் பூசியிருந்தான். மண்ணோடு பிழைக்கிற கொத்தனாருக்கு அது நகத்தால் சுரண்டின பொந்து என்று தெரியவில்லை.

“மதினி, என்ன இது?”

அவள் அழவில்லை. மண்ணை முழுங்கினாள். பிறகு சொன்னாள்.

“மூத்தவன் வயித்துல இருக்கையில புடிச்சது ரத்தினம். மசக்கைன்னு நெனச்சேன். பிள்ளை போச்சி, இது போகல. மழை பெஞ்சி மண்ணு வாசம் வந்தா எனக்குக் கையும் காலும் ஓடாது. அடுப்பு மண்ணு, ஓட்டாஞ்சில்லு, சுவரு, எல்லாம் தின்னேன். ரெண்டாவது பிள்ளைக்காகவாவது விட்டுரணும்னு பாத்தேன். முடியல. உங்க அண்ணன் சுவத்தப் பூசப் பூச, எனக்குப் புதுச்சோறு வடிச்சி வச்ச மாதிரி இருக்கும்.”

அவள் மடியிலிருந்த முடிச்சை இழுத்துக் கட்டினேன்.

“இன்னொண்ணும் இருக்கு. கேட்டா நீ என்கிட்ட வரமாட்ட,” என்றாள். “சுவத்துக்கு வெளிய அவனை வச்ச எடத்துக்குப் போனேன். ரெண்டு மூணு தடவை. அழத்தான் போனேன். அந்த மண்ணையும் தின்னேன் ரத்தினம். என் பிள்ளையத்தான் தின்னுட்டேனோன்னு இருக்கு. இப்ப வேதசாட்சி ரத்தத்தையும் தின்னுட்டேன். எனக்கு நரகத்துல எடம் போட்டாச்சி. வயித்துல இருக்கிறது என்ன பாவம் பண்ணிச்சி?”

அவள் கையைப் பிடித்தேனா, தள்ளினேனா என்று நினைவில்லை. பயத்தில் பின்னால் நகர்ந்திருப்பேன். நான் கொண்டுவந்த மண் அது. சாகக் கிடப்பவளுக்கு நான்தான் அரைப்படி விஷத்தைச் சுமந்து வந்து, பூட்டிக்கொள் என்று அவள் கெஞ்சியும் கேளாமல், படத்துக்குக் கீழே பரப்பி வைத்தேன். மிச்சமிருந்த மண்ணை அன்றைக்கே கொண்டுபோய் உபதேசியார் வீட்டில் கொடுத்தேன். வீட்டில் எலி இழுக்கிறது என்று சொன்னேன். இதுவும் பொய்தான்.

மறுநாள் காலை ரயிலில் மதினியை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனேன். அண்ணனிடம் கால் வீக்கத்துக்கு மருந்து வாங்க என்றோம். அங்கே ஒரு டாக்டரம்மா பெண்களை மட்டும் பார்த்தார். மதினியின் கண், நாக்கு, நகம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எங்களிடம் ஒன்றும் கேட்காமலே, “எத்தனை வருஷமா மண் திங்கிறே?” என்றார். மதினிக்குத் திருடனைத் தேள் கொட்டினாற்போல் ஆயிற்று. பேயில்லை, பிசாசில்லை, ஒரு டாக்டரம்மா நகத்தைப் பார்த்துச் சொல்கிற காரியம் என்றதும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

“ரத்தம் குறைஞ்சதால மண் கேக்குது. மண் தின்னதால ரத்தம் குறையுது. இந்த வட்டத்தை அறுக்காவிட்டால் இந்தப் பிள்ளையும் நிக்காது. இந்தத் தடவை நீயும் நிக்கமாட்டே,” என்றார். கறுப்பாக ஒரு மருந்தைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தார். முருங்கைக் கீரை, கேழ்வரகு, ஆட்டு ஈரல் தின்னச் சொன்னார்.

“தபசு காலம்லா, கறி ஆகாதுலா, ஈரல் எப்படித் திங்கது?” என்று மதினி கேட்டாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சுவரைத் தின்றவளுக்கு ஈரல் பாவமாம்.

திரும்பி வருகிற ரயிலில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “மருந்து ரத்தத்தைக் குடுக்கும். கையை யாருட்டி புடிப்பா?”

அந்தச் சனிக்கிழமை அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். நாலைந்து வருஷமாக அங்கே போய் மற்ற எல்லாப் பாவத்தையும் சொல்லி இதை மட்டும் மறைத்தவள். அதனால் வாங்கின நற்கருணை எல்லாம் தன்னைக் குற்றவாளியாக்கியது என்ற பயம் வேறு தனியாக அவளை அரித்திருக்கிறது. உள்ளே என்ன பேசினார்கள் என்பது சர்வேசுரனுக்குத்தான் தெரியும். வெளியே வந்தபோது முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. சாமியார் ஈரலுக்கு உத்தரவு கொடுத்தார் என்றும், அபராதமாக, ஆசை வருகிறபோதெல்லாம் வாய்ச்செபம் செய்யச் சொன்னார் என்றும் சொன்னாள்.

இங்கேதான் ஒரு தப்பு நடந்தது. ஞானோபதேசத்தில் செபம் இரண்டு வகை என்று எங்களுக்குப் படித்துக்கொடுத்திருந்தார்கள். மனதுக்குள் தியானிப்பது மனச்செபம், மனப்பாடமாகச் சொல்வது வாய்ச்செபம். முணுமுணுத்தாலே வாய்ச்செபம்தான். மதினிக்கு எழுத்து வாசனை குறைவு. வாயை நன்றாகத் திறந்து, ஊருக்குக் கேட்கச் சொல்வதுதான் வாய்ச்செபம் என்று அவள் விளங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அடுப்படியிலிருந்து மாதாவுக்குச் சொல்லும் “அருள் நிறைந்த மந்திரம்” இடி மாதிரி வந்தது. நான் கையிலிருந்த செம்பைப் போட்டுவிட்டேன். பத்து முறை சொல்லி நிறுத்தினாள். அரை மணி கழித்து மாவரைக்கும்போது மறுபடியும். தண்ணீர் எடுக்கப் போகிற வழியில், புதுசாகக் கொத்தின தோட்டத்தைத் தாண்டும்போது, நடுத்தெருவில். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல், வாயை அகலத் திறந்து.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பேதலித்துவிட்டது என்றார்கள். மோர் கொண்டுவருகிற தெலுங்குக்கார நாயக்கர் வீட்டம்மா வாசலில் நின்று, “ஏமம்மா, உங்க வீட்டுல தினமும் பஜனையா?” என்று கேட்டாள். மதினி சிரித்துக்கொண்டே மோரை வாங்கினாள். அவளுக்குச் சிரிப்பு வந்ததே எனக்கு அதிசயமாக இருந்தது.

சாமியாருக்கும் சேதி போயிற்று. ஒரு நாள் தெருவோடு வந்தவர் எங்கள் வாசலில் நின்றார். உள்ளே செபம் முழங்கிக்கொண்டிருந்தது.

“என்ன அன்னத்தாய், சர்வேசுரனுக்குக் காது மந்தமா?”

“சாமி சொன்ன வாய்ச்செபம்தான் சாமி.”

அவர் தாடியைத் தடவிக்கொண்டு, உதடு அசைந்தாலே போதும் என்று விளக்கினார்.

“உதடு அசைஞ்சாப் போதாது சாமி,” என்றாள் மதினி. “வாயி திறந்து இருக்கணும். மூடின வாய்க்குள்ள என்ன வேணும்னாலும் இருக்கலாம்.”

சாமியார் அவள் நெற்றியில் சிலுவை வரைந்து, “சரி, அப்படியே செய்,” என்று சொல்லிப் போய்விட்டார்.

அவளுக்கு அது மருந்து. எனக்கோ சித்திரவதை. சத்தம் கேட்டால், அவளுக்கு இப்போது மண் கேட்கிறது என்று பயம். சத்தம் கேட்காவிட்டால், ஒருவேளை தின்கிறாளோ என்று அதைவிடப் பெரிய பயம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை குதிருக்குப் பின்னால் போய்ப் பொந்தைத் தடவிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அவள் தூங்கும்போது நகக்கண்ணைப் பார்ப்பேன். கொட்டாவி விட்டால் பல்லைப் பார்ப்பேன். அவள் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துகொள்வாள்.

உயிர்ப்புத் திருநாளுக்கு மூன்று நாள் முந்தின பெரிய வியாழக்கிழமை அண்ணனுக்குச் சோறு கொண்டு இரண்டு பேரும் மில் கட்டுகிற இடத்துக்குப் போனோம். ஒரு பெரிய குழியில் செம்மண்ணைக் கொட்டித் தண்ணீர் விட்டு, ஆறேழு பேர் மிதித்துக் குழைத்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் அந்த வாசம் எனக்கே மூக்கில் ஏறியது. மதினி சோற்றுச்சட்டியோடு அப்படியே நின்றாள். ஒரு அடி குழியை நோக்கி வைத்தாள். பிறகு அத்தனை ஆட்களுக்கும் நடுவில் அவள் தொண்டை கிழியச் செபம் சொல்லத் தொடங்கினாள். மிதிக்கிறவர்கள் காலைத் தூக்கினபடி நின்றுவிட்டார்கள். அண்ணன் சாரத்திலிருந்து இறங்கி ஓடிவந்தான்.

“ஏளா அன்னம்! கோட்டி புடிச்சிருச்சா உனக்கு?”

அவள் செபத்தை நிறுத்தவில்லை. கையை மட்டும் நீட்டிக் குழியைக் காட்டி, தன் வாயைக் காட்டினாள். அண்ணன் குழியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தலையை ஆட்டினேன். அவனுக்கு ஒவ்வொன்றாகப் புரிவது முகத்தில் தெரிந்தது. பெருச்சாளி, சுவர், இரண்டு பிள்ளைகள். அவன் அப்படியே மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டான்.

அன்று பொழுது சாயுமுன்னே ஒரு டின் தாரோடு வீட்டுக்கு வந்தான். வீட்டுக்குள்ளே சுவர் முழுக்க, இடுப்பளவுக்கு, குதிருக்குப் பின்னால் இரட்டைப் பூச்சாகத் தாரைப் பூசினான். உயிர்ப்புத் திருநாளுக்கு எல்லார் வீட்டிலும் வெள்ளையடித்திருந்தார்கள். எங்கள் வீடு மட்டும் துக்க வீடு மாதிரி கறுப்பு. அதைப் பார்த்து மதினி ரொம்ப நேரம் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. செபச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவள் இமைக்குள் லேசாகச் சிவப்பு கண்டது. இரண்டு முறை தவறினாள். இரண்டு முறையும் அவளே வந்து சொன்னாள். மாடத்தி வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “உதைக்கு. இப்ப உசிரா உதைக்கு,” என்றாள். நான் நம்பவில்லை. போன இரண்டும் உதைத்துத்தான் இருந்தன.

ஆனி கடைசியில் ஒரு நாள் காலை, மேற்கு மலையை மேகம் மூடியது. அய்யனார் கோவில் பக்கமிருந்து சாரல் இறங்கி வந்தது. நாலு மாத வெயிலில் வெந்துகிடந்த தெருவில் முதல் துளி விழுந்ததும் மண் வாசம் கிளம்பி வீடெல்லாம் நிறைந்தது. மதினிக்கு நாள் நெருங்கியிருந்தது. நான் கொல்லையில் விறகை நனையாமல் எடுத்துவைத்துக்கொண்டே காதை வீட்டுக்குள் வைத்திருந்தேன். செபம் ஆரம்பித்தது. ஆகா, வந்துவிட்டது என்று நினைத்தேன். பெரிய குரலில் நாலு, ஐந்து, ஆறு. ஏழாவது பாதியில் நின்றது.

காத்திருந்தேன். தொடரவில்லை. மழைச் சத்தம் மட்டும்.

விறகைப் போட்டுவிட்டு ஓடினேன். மதினி பின்வாசல் படியில், மழைத்தண்ணீர் ஓடுகிற மண்ணுக்குப் பக்கத்தில், குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கை மண்ணில் ஊன்றியிருந்தது. விரலெல்லாம் சேறு. வாய் இறுக மூடியிருந்தது. கண்ணில் தண்ணீர். என்னைப் பார்த்துத் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். வாயைத் திறக்கவில்லை.

“துப்புங்க! மதினி, துப்புங்க!” என்று கத்தினேன். அவள் திறக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தையும் பயத்தையும் என்னவென்று சொல்வேன்? இத்தனை மாதம் இருந்துவிட்டு, இன்னும் நாலு நாளில் பிள்ளை பிறக்கப்போகிற நேரத்தில்! அவள் தாடையை ஒரு கையால் பிடித்து, கன்னத்தை அமுக்கி, மறு கையின் இரண்டு விரலை அவள் பல்லுக்குள் திணித்து வாயைப் பிளந்தேன். மாட்டுக்கு மருந்து ஊற்றுகிறவன்கூட அப்படிச் செய்யமாட்டான். நாக்குக்கு அடியில் துழாவினேன். கடைவாயில் துழாவினேன்.

ஒன்றுமில்லை. ஒரு பொடி மண் இல்லை.

என் விரலைக் கடித்தபடியே அவள் ஒரு அலறல் அலறினாள். அப்போதுதான் கீழே பார்த்தேன். பன்னீர்க்குடம் உடைந்து சேலையெல்லாம் நனைந்திருந்தது. வலி தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். விழாமலிருக்கக் கையைத் தரையில் ஊன்றியிருக்கிறாள். அவ்வளவுதான்.

மாடத்தி வந்து சேருமுன் பாதிப் பிரசவம் முடிந்துவிட்டது. பிள்ளை வெளியே வந்தபோது நீலமாக இருந்தது. அழவில்லை. மாடத்தி அதைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். அழவில்லை. மதினி தலையைத் தூக்கி, “ரத்தினம், தண்ணி ஊத்து,” என்றாள். அவள் குரலில் கெஞ்சல் இல்லை. கட்டளை இருந்தது. சுவருக்கு வெளியே இன்னொரு பிள்ளையை அனுப்ப அவள் தயாராக இல்லை. செம்பை எடுத்தேன். மதினியின் பல் பட்ட விரலிலிருந்து இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. வார்த்தைகளைச் சொல்லித் தலையில் ஊற்றினேன். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் பிள்ளை ஒரு முறை விக்கியது. பிறகு முகத்தைச் சுளித்து, கோபமாக, வீடு அதிர அழுதது.

“பொம்பளப் பிள்ளை. அத்தை வாயிதான் இதுக்கும்,” என்றாள் மாடத்தி. சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

மூன்றாம் நாள் மதினிக்குக் கேழ்வரகுக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளாக அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. கன்னத்தில் என் விரல் பதிந்த இடம் கன்றிப்போயிருந்தது. அதற்குமேல் தாங்கவில்லை.

“மதினி, என்னைய மன்னிச்சிருங்க. நீங்க நோக்காட்டுல கெடந்தப்ப நான் உங்க வாயில மண்ணைத் தேடிட்டேன். உங்களை நம்பாமப் போயிட்டேன்.”

அவள் கஞ்சியைக் கீழே வைத்தாள்.

“நீ ஒரு நாள்தான தேடுன? நான் தினம் காலையில முழிச்ச ஒடனே, நாக்கால என் வாயைத் தேடிப் பாக்கேன். தூக்கத்துல எந்திரிச்சிப் போயித் தின்னுருப்பனோன்னு. இன்னைக்கும் பாத்தேன். இனியும் பாப்பேன் போலுக்கு.”

“இப்பவும் வருதா?”

“வெளிய சாரல் விழுதுலா. வரத்தான் செய்யுது.”

சொல்லிவிட்டு வாயை அகலத் திறந்து செபத்தைத் தொடங்கினாள். பிரசவித்த உடம்பு, குரல் உடைந்து வந்தது. அருள் நிறைந்த மந்திரத்தை எங்கள் கோயிலில் யாரும் தனியாகச் சொல்வதில்லை. முதல் பாதியை ஒருவர் சொன்னால், மறு பாதியை மற்றவர்கள் வாங்கிச் சொல்லவேண்டும். விபூதிக்குப் பிறகு இத்தனை மாதமும் இரண்டு பாதியையும் அவளே சொல்லியிருக்கிறாள். ஒரே கூரைக்குக் கீழே காதைத் தீட்டிக்கொண்டு காவல் இருந்த எனக்கு, ஒரு தடவைகூட மறு பாதியைச் சொல்லத் தோன்றவில்லை.

பாதியில் அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். நான் வாயைத் திறந்து, தெருவுக்கே கேட்கும்படி, மறு பாதியைச் சொன்னேன்.